கூரைக்குக் கீழே ஒரு திறந்த கார்

உட்காருங்கள். சந்தானம் என்றுதானே சொன்னீர்கள்? அந்தப் பிரம்பு நாற்காலி வேண்டாம், சந்தானம். அது பார்ப்பதற்கு மட்டும். இந்தச் சோபாவில் உட்காருங்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள். தில்லை நகர் வெயிலில் தலையில் துண்டுகூடப் போட்டுக்கொள்ளாமல் வந்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில், முடியாது என்பது.

விடையை முதல் வரியில் எழுது, விளக்கத்தைப் பிறகு எழுது என்று ஓய்வு பெறும் வரை மாணவிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பொருளாதாரம் கற்பித்தேன். அதனால் விடையை முதலில் சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லாமல் உங்களை அனுப்புவது பண்பாகாது. சிறிது நேரம் ஆகும். இன்னும் மூன்று மணிகூட ஆகவில்லை, நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்று அக்கா சொன்னால் ரயில் போய்விட்டது என்று பொருள் என்பான் என் தம்பி பாச்சு. அவன் பேச்சை விடுங்கள்.

நிலைமையை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்ப்போம். உங்கள் மகளுக்கு நாளைக் காலை அடுத்த தெரு மண்டபத்தில் கல்யாணம். இன்று மாலை ஜானவாசம். மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் திறந்த காரில் ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். நீங்கள் பேசிவைத்திருந்த பழைய கார் வருகிற வழியில் அச்சு முறிந்து டோல்கேட் அருகே நிற்கிறது. ஏசி காரில் அழைத்துவருகிறோம் என்று நீங்கள் சொல்லிப் பார்த்தீர்கள். அதற்கு மாப்பிள்ளையின் அத்தை, "நாலு பேர் பாக்காம கண்ணாடிய ஏத்திண்டு கூட்டிண்டு போறதுக்கு, அவன் என்ன ஆஸ்பத்திரிக்கா போறான்?" என்று கேட்டிருக்கிறார். நான் அந்த அம்மாளைச் சந்தித்ததில்லை. ஆனாலும் அவர் கேள்வியில் தர்க்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நீங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தெருவில் நின்றபோது இஸ்திரி போடுகிற சின்னப்பன், "கோடி வீட்டு டீச்சரம்மாகிட்ட ஒரு ஜானவாசக் கார் சும்மாதாங்க நிக்குது" என்று சொல்லியிருக்கிறார். டீச்சரம்மா என்பதைப் பொறுத்துக்கொள்கிறேன். சும்மா நிற்கிறது என்பதையும், சற்று வருத்தத்தோடு, பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஜானவாசக் கார்! அந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க நான் எத்தனை ஆண்டு படித்தேன் தெரியுமா? முனைவர் பட்டத்துக்குக்கூட அவ்வளவு படிக்கவில்லை.

இந்த ஆசை எங்கே பிறந்தது என்றால், போர்ச்சுகலில். ஓய்வு பெறுவதற்கு முன் அங்கே ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். அரிசி மானியத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன், யாரும் கேட்கவில்லை. மாலையில் மார்த்தா என்ற பேராசிரியை தன் காரில் கடலோரமாக அழைத்துப் போனார். ஒரு விசையை அழுத்தினார். தலைக்கு மேலிருந்த கூரை நாலாக மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொண்டது. காற்று, வெளிச்சம், உப்பு வாசனை எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுந்தன. நான் கட்டியிருந்தது கஞ்சி போட்ட கோடாலிக்கருப்பூர்ச் சேலை. அது என் கட்டுப்பாட்டில் இல்லை. அன்று வழி முழுக்க நான் உரக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன் என்று மார்த்தா பிறகு எல்லோரிடமும் சொன்னார். எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. வேறு சாட்சியும் கிடையாது.

ஊருக்குத் திரும்பி ஓய்வு பெற்றேன். அப்பா விட்டுப்போன மனை ஒன்று காட்டுக்குள் கிடந்தது. பைபாஸ் அதைத் தேடி வந்தது. இதில் என் திறமை ஏதும் இல்லை. திடீரென்று, நினைத்த காரை வாங்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. வேறொருத்தி என்றால் மறுநாளே சென்னைக்குப் போய் வாங்கியிருப்பாள். நான் படித்தவள். அதனால் ஒப்பிட ஆரம்பித்தேன்.

கார்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். போனவர்களைப் பெயர் சொல்லிக் குறை பேசுவது முறையில்லை. முதலில் ஒரு ஜெர்மன் வண்டி. துணிக் கூரை. துணி என்றதும் நம் ஊர்ப் பந்தல் துணியை நினைத்துக்கொள்ளாதீர்கள். பல அடுக்கு வைத்துத் தைத்தது, மழை பெய்தால் உள்ளே சத்தம்கூடக் கேட்காதாம். நான்கு பேர் உட்காரலாம், அவர்களில் இரண்டு பேருக்குக் கால் இல்லாதிருந்தால். இன்னொரு ஜெர்மன் வண்டி, இரும்புக் கூரை. கூரை மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்துக்கொண்டபின் டிக்கியில் ஒரு வெற்றிலைப் பெட்டி வைக்கத்தான் இடமிருக்கும். மூன்றாவது, ஓர் இங்கிலாந்து வண்டி. அழகென்றால் அப்படி ஓர் அழகு. பழுதானால் பாகம் கப்பலில் வரவேண்டும். அழகுக்கும் கப்பலுக்கும் நடுவில் நான் ஒரு மழைக்காலம் முழுவதும் தவித்தேன்.

கூரையை வெட்டிவிட்டால் வண்டியின் உடல் தளர்ந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதல்லவா, எனக்கும் அதுவரை தெரியாது. கூரை என்பது மூடி மட்டும் இல்லை, அதுதான் நான்கு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடியில் கூடுதலாக இரும்பு சேர்க்க வேண்டும். எடை ஏறும், விலை ஏறும், வேகம் குறையும். அதாவது, இல்லாத ஒரு கூரைக்காக இருக்கிற கூரையைவிட அதிகமாகச் செலவழிக்கிறோம். இதை நான் ரசித்து ரசித்துப் படித்தேன். எந்த வண்டி எவ்வளவு நொடியில் திறக்கும், ஓடும்போதே திறக்குமா, நின்றால்தான் திறக்குமா, பின்கண்ணாடி வழியே என்ன தெரியும் என்று எல்லாம் படித்தேன்.

முதல் ஜெர்மன்தான் என்று முடிவுசெய்து சென்னை ஷோரூமுக்குத் தொலைபேசினேன். ஓர் இளைஞர் எடுத்தார். "மேம், அந்த மாடல் டிஸ்கண்டினியூ ஆயிடுச்சே, மேம்."

"ஏன்?"

"கம்பெனி பாலிசி, மேம்."

இப்படி விடை எழுதினால் என் வகுப்பில் பூஜ்யம். காரணத்தை நானே தேடினேன். அந்தக் கம்பெனியில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு திறந்த கார்கள். இரண்டுமே போதுமான அளவு விற்கவில்லை. இரண்டு வீட்டில் தனித்தனியாக அடுப்பெரிவானேன் என்று இரண்டையும் நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்ய முடிவெடுத்துவிட்டார்கள். நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது. சரி, இரும்புக் கூரைக்காரர் இருக்கிறாரே என்று அவரை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அவரும் போனார். இரும்புக் கூரைக்கு மோட்டார் அதிகம், கீல் அதிகம், கோளாறு அதிகம். இதற்கிடையில் துணிக் கூரைகள் நன்றாகத் தேறிவிட்டன. பிறகு அவ்வளவு பாரத்தை யார் சுமப்பது? இங்கிலாந்து அழகியை அவளுடைய கம்பெனியே கைவிட்டது. இனிமேல் எல்லாம் மின்சாரம், பழைய குடும்பத்தோடு உறவில்லை என்று அறிவித்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் முடிவுக்கு வந்து தொலைபேசியை எடுப்பேன். அந்தப் பக்கத்தில் "சாரி மேம்" என்ற குரல் தயாராக இருக்கும்.

பாச்சு சும்மா இருப்பானா? ஒரு தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது கேட்டான்: "அக்கா, நீ கார் பாக்கறியா, வரன் பாக்கறியா? போற போக்கப் பாத்தா, ஒலகத்துல இருக்கற ஓபன் காரெல்லாம் நீ பாத்தே அழிஞ்சுடும் போலிருக்கே! தயவு பண்ணி எங்காத்து வண்டியப் பாக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரன் பார்த்த கதை வேறு. அதிலும் நான் ஒப்பிட்டு முடிப்பதற்குள் அவர்களுக்கெல்லாம் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. அவர்களில் ஒருவருக்குக் காது சற்று நீளம், அவ்வளவுதான் இப்போது நினைவிருக்கிறது.

கைப்பேசி அடிக்கிறதே, எடுங்கள். வீட்டில்தானே? எடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

"கார் கெடச்சுதா இல்லியா? அங்க என்ன பண்ணிண்டிருக்கேள்?" என்பது இங்கே எனக்கே கேட்கிறது. "பேசிண்டிருக்கேன்" என்கிறீர்கள். உண்மையில் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் அப்படியே சொல்லுங்கள், பழி என்மேல் இருக்கட்டும்.

கம்பெனிகள் இந்த வண்டிகளை நிறுத்துவதற்கான காரணங்களைத் தேடித் தேடிக் கடைசியில் நான் கண்டது மிகச் சாதாரணமான ஒன்று. திறந்த கார் தெருவில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், எல்லோரும் ஆசைப்படுவார்கள், எல்லோரும் படம் எடுப்பார்கள். அதன்பின் ஷோரூமுக்குப் போய், உயரமான, கூரையுள்ள, குடும்பமே ஏறக்கூடிய வண்டியை வாங்கி வருவார்கள். ஆசை வேறு, தேவை வேறு. வாங்கும் உறுதியோடு வருகிற ஆசைக்குத்தான் பொருளாதாரத்தில் தேவை என்று பெயர். கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அப்படியெல்லாம் வெறும் ஆசையோடு நின்றுவிடுகிற மனிதர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். அவர்களால்தான் நல்ல வண்டிகள் போய்ச் சேர்கின்றன.

கடைசியாக ஒன்று கிடைத்தது, அதுவும் ஜெர்மன்தான். துணிக் கூரை, கருநீலம், கூரை மட்டும் சந்தன நிறம். இம்முறை ஒப்பிடவில்லை. பாச்சுவின் பெண் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கையெழுத்துப் போடவைத்தாள். சாவியைக் கொடுக்கும்போது அந்த இளைஞர் — அதே "சாரி மேம்" இளைஞர்தான், இதற்குள் மேனேஜராகிவிட்டார் — பூங்கொத்தை நீட்டிக்கொண்டே, "கங்கிராட்ஸ் மேம்! இந்த மாடல்ல எங்ககிட்ட இருந்த லாஸ்ட் பீஸ் உங்களுதுதான். இனிமே வராது" என்றார். அது வாழ்த்தா, இரங்கலா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நேராகப் பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டிவந்தேன். ஆமாம், நானேதான். அப்பாவின் அம்பாசிடரை ஓட்டிப் பழகிய கை. புது வண்டிக்குப் பூஜை போடவேண்டும் என்று குருக்களிடம் சொல்லிவிட்டு, அர்ச்சனைச் சீட்டு வாங்க அந்தப் பக்கம் திரும்பினேன். திரும்பிவந்து பார்த்தால், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று, கூரையின் உச்சியில் நெற்றிக்கு இடுவதுபோல் குழைத்த சந்தனம் மூன்று பட்டை இழுத்து நடுவில் குங்குமமும் அப்பியாயிற்று!

"அது துணி!" என்று கத்திவிட்டேன். கோயிலில் நான் கத்தியது அதுவே முதல் தடவை.

குருக்கள் அசையவில்லை. "துணின்னா என்னம்மா? அம்பாள் புடவைக்குந்தான் வெக்கறோம். அவ கோச்சுக்கறாளா?"

சந்தனம் போய்விட்டது. குங்குமம் போகவில்லை. சர்வீஸில் கேட்டேன், தேய்த்தால் துணி போகும், புதுக் கூரை போடலாம் என்றால் மாடலே நின்றுவிட்டது, கூரைக்கு எங்கே போவது என்றார்கள். அன்றிலிருந்து என் வண்டி, வாழ்நாளெல்லாம் பொருளாதாரம் கற்பித்த ஒருத்தியின் வண்டி, நெற்றியில் குங்குமத்தோடு நிற்கிறது. அப்படி நிற்கிற வண்டியை ஜானவாசக் கார் என்று சொல்லாமல் சின்னப்பன் வேறென்ன சொல்வார், பாவம்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். இந்தக் கூரைக்கு மாற்று இல்லை. மோட்டாருக்கு மாற்று இல்லை. நீங்கள் நல்லவர். ஆனால் ஜானவாசத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியட்டும் என்று மாப்பிள்ளையை இருக்கையில் உட்காரவைக்காமல் மடித்த கூரையின் மேல் தூக்கி உட்காரவைப்பீர்கள். அவர் என்ன எடை? பார்த்தீர்களா, உங்களுக்கே சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தெருவிலுள்ள குழந்தைகள் எல்லாம் ஏறிக்கொள்வார்கள். யாராவது ஒரு மாமா பூச்சரத்தை செலோடேப் போட்டு ஒட்டுவார். ஆகவேதான் முடியாது என்றேன்.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, கேளுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியாகக் கூரையைத் திறந்து எப்போது ஓட்டினேன் என்பதுதானே கேள்வி?

நல்ல கேள்வி. அதற்குச் சற்று முன்னுரை வேண்டும். திருச்சியில் சித்திரை, வைகாசி, ஆனி மூன்றிலும் கூரையைத் திறப்பது அறிவுள்ளவர் செய்கிற செயல் அல்ல. ஆடியில் காற்று, காவிரி மணல் முழுவதும் கண்ணில் இருக்கும். ஆவணியில் திறக்கலாம் என்று இருந்தேன். தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், புரட்டாசி முடியும் வரை மூடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் பனி. தையில் எனக்கு மூட்டுவலி. மாசி, பங்குனி? மாசி, பங்குனியில் சாலையில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். எந்த மாதமும் பார்க்கத்தான் செய்வார்கள் என்கிறீர்களா? இருக்கலாம். வங்கிக்குப் போகிறேன், நூலகத்துக்குப் போகிறேன், கூரையை மூடிக்கொண்டு ஏசியைப் போட்டுக்கொண்டு போகிறேன். வண்டி மிக அருமையாக ஓடுகிறது.

திறக்காமலே இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் திறக்கிறேன். மோட்டார் இறுகிவிடக் கூடாதல்லவா? வாசல் கேட்டைப் பூட்டிவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவேன். விசையை அழுத்துவேன். கூரை மடிந்து பின்னால் போகும். நிமிர்ந்து பார்த்தால் மேலே ஷெட்டின் தகரக் கூரை. அதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அது வழியே ஒரு ரூபாய் அளவுக்கு வெயில் மடியில் வந்து விழும். காபி ஆறும் வரை உட்கார்ந்திருப்பேன். பிறகு மூடிவிட்டு வந்துவிடுவேன்.

அதாவது, உங்கள் கேள்விக்கு விடை... விடையை முதல் வரியில் எழுத வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? எனக்கு எழுத வரவில்லை, பாருங்கள். ஒருபோதும் இல்லை என்பதுதான் விடை. திறந்த நிலையில் அந்த வண்டி என் வாசலைத் தாண்டியதில்லை.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். பாச்சுவுக்கு மட்டும் சொல்லாதீர்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? வேறு இடத்தில் பார்ப்பதா? இந்த ஊரில் வேறு எங்கே கிடைக்கும்? ஜீப்பா? அந்த அத்தை ஜீப்பை ஒப்புக்கொள்வாரா? எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. அவரைப் பற்றி எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. உட்காருங்கள், சந்தானம். விளக்கம் முடிந்தபின் விடையை மாற்றி எழுதுகிற மாணவிக்கு நான் மதிப்பெண் குறைத்ததில்லை. அடித்தல் திருத்தல் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிபந்தனைகள் உண்டு. கவனமாகக் கேளுங்கள்.

வண்டியை நான்தான் ஓட்டுவேன். உங்கள் மச்சினர் நன்றாக ஓட்டுவாராக இருக்கலாம். அவர் முன்னால் நடந்து வரட்டும். மாப்பிள்ளை இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொள்வார். மாலைக்கு மேல் பெல்ட் நன்றாக இருக்காது என்றால், பெல்ட்டுக்கு மேல் மாலை போடுங்கள். கூரை மடிந்திருக்கிற இடத்தில் ஒருவரும் உட்காரக் கூடாது, தேங்காய்த் தட்டுகூட. செலோடேப் கூடாது. சந்தனம், குங்குமம் மனிதர்களுக்கு மட்டும். அந்தக் கறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கூரையைத் திறந்துவிட்டால் அது வெளியே தெரியாது. இதை நான் இவ்வளவு நாள் யோசிக்கவே இல்லை, பாருங்கள்.

குழந்தைகள் ஏறுவார்கள். எனக்குத் தெரியும், தடுக்க முடியாது. பின்னால் இருவர். சரி, மூவர். ஒல்லியாக இருந்தால் நால்வர். அத்தைக்கு முன் இருக்கை. அவருக்கு இடமில்லை என்றால் மாப்பிள்ளை பின்னால் போகட்டும்.

எத்தனை மணிக்கு? ஆறுக்கா? ஆறுக்கு வெயில் தாழ்ந்திருக்கும். காற்றும் இருக்காது. இது ஆவணிதானே? தெருவில் தோண்டிய பள்ளத்தையும் மூடிவிட்டார்கள். நடை வேகத்தில்தான் போகவேண்டும், இல்லையா? எவ்வளவு வேகம் போகும் என்று ராப்பகலாகப் படித்து வாங்கிய வண்டி, நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் ஊர்ந்து வரப்போகிறது. பரவாயில்லை. ஜெர்மனியில் அதை வடிவமைத்தவருக்குத் தெரியப் போவதில்லை.

பட்டுப்புடவை கட்ட வேண்டுமா? ஓட்டுபவள் கட்டத் தேவையில்லை என்கிறீர்கள். நான் கட்டுவேன். முந்தானையை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்கிறேன், முன்னொரு முறை அது என் பேச்சைக் கேட்கவில்லை.

இன்னொன்று. நாதஸ்வரத்தோடு பாண்டு வாத்தியமும் உண்டா? உண்டல்லவா? நல்லது. அவர்களிடம் நான் சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கோயில் வாசலில் புறப்பட்டதும் ஆரம்பிக்கட்டும். மண்டபம் வருகிற வரை நிறுத்தவே வேண்டாம். நன்றாக உரக்க வாசிக்கட்டும், குறிப்பாக அந்த டிரம்ஸ்காரர்.

காரணமா? ஒன்றுமில்லை. திறந்த காரில் போனால் நான் வழி முழுக்க உரக்கச் சிரிக்கிறேனாம். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. ஒருவேளை உண்மையாக இருந்து, மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்து, பெண் வீட்டார் யாரையோ பிடித்துவந்து வண்டி ஓட்டவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.